கச்சாலிலிருந்து ஒன்பது ஸ்லைடுகள்

முதல் தடவை நிக்கோபாரின் கச்சால் தீவிலிருந்து வந்த எட்டு மாதிரிகளிலும் ஒன்றுமே இல்லை.

சுகுணா எட்டு ஸ்லைடுகளையும் இரண்டு முறை பார்த்துவிட்டாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அந்தச் சின்ன அறையில் நுண்ணோக்கியின் முன்னால் குனிந்தே இருந்ததில் கழுத்து மரத்துப் போயிருந்தது. குழந்தையின் மூக்குச் சளியிலிருக்கும் செல்களை ஸ்லைடில் வைத்துச் சாயம் போட்டால், வைரஸ் புகுந்த செல் பச்சையாக ஒளிரும். புகாத செல் மங்கலான சிவப்பில் கிடக்கும். இதில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் சளி நூல் நூலாக இழுபட்டிருந்தது.

போர்ட் பிளேரில் வைரஸ் ஆய்வுக்கூடம் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. சுனாமிக்கு அடுத்த வருடம் தொடங்கிய நாளிலிருந்து சுகுணா அங்கே டெக்னீஷியன். முப்பத்தோரு வயது, ஊருக்குள்ளேயே லம்பா லைனில் வீடு. பிறந்தது கச்சாலில். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட முனியாண்டியின் மகள் அவள். அந்த ரப்பர் தோட்டக் குடியிருப்பில்தான் இப்போது மூன்று வாரமாகக் கைக்குழந்தைகள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தன. பதினோரு குழந்தைகள். வேறொன்று ஏற்கெனவே இறந்துவிட்டது.

பன்றிக் காய்ச்சல் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நாடு முழுக்கப் பயந்த காய்ச்சல் அது. யாருக்கும் இன்னும் மறக்கவில்லை. கச்சாலில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அங்கிருந்து யாரையும் கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று முடிவானது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் தொற்று நோயாளிக்கு இருந்தது ஒரே ஒரு தனி அறை. என்ன நோய் என்று தெரியாமல் மற்ற குழந்தைகளைப் பொது வார்டில் எப்படிச் சேர்ப்பது? எல்லாரும் சொன்னது ஒரே பதில்: ரிசல்ட் வரட்டும்.

ரிசல்ட்டோ மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். முதல் வாரமே சென்னைக்கு மாதிரி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: வழியில் ஐஸ் உருகி மாதிரி கெட்டுவிட்டது, வேறு அனுப்பவும்.

அதன் பிறகுதான் ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் மங்கையர்க்கரசி, நாமே பார்த்துவிடலாம் என்றார். ஏழு வைரஸ்களைக் கண்டுபிடிக்கும் சாயப்பெட்டி ஒன்று பயிற்சிக்காக வாங்கி ஃப்ரிட்ஜில் இருந்தது. அதை வைத்து வெளியே ஒரு ரிசல்ட்டும் இதுவரை கொடுத்ததில்லை.

"என்ன சுகுணா, ஒண்ணுமில்லையா?" கதவருகே நின்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"அப்ப நெகட்டிவ்னு அனுப்பிடலாம். மேலேயிருந்து மூணு தடவ ஃபோன் பண்ணிட்டாங்க."

"நெகட்டிவ் இல்ல மேடம்." சுகுணா எழுந்து நின்றாள். "செல்லே வரல. வெறும் பானையப் பாத்துட்டு சோறு வேகலன்னு சொல்ற மாதிரி ஆயிடும். குச்சிய மூக்கு வாசல்லயே சுத்தி எடுத்திருக்காங்க. உள்ள போகவே இல்ல."

டாக்டர் மங்கையர்க்கரசி குனிந்து தானே பார்த்தார். ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வேற யார் எடுக்கிறது? அங்க டாக்டர் சிவஞானம் ஒருத்தர்தான். பாவம், அவருக்குத் தூங்கவே நேரமில்ல."

"நான் போறேன்."

"எடுத்து ஹெலிகாப்டர்ல கொண்டுவரணும். இப்ப மழையில அது ஒரு நாள் வருது, மூணு நாள் வரல. மறுபடி ஐஸ் உருகும்."

இதை சுகுணா ஏற்கெனவே யோசித்துவிட்டிருந்தாள். "ஐஸ் வேணாம் மேடம். அங்கயே சளியக் கழுவி, ஸ்லைடுல வச்சு, காயவச்சு, அசிட்டோன்ல முக்கிட்டா செல்லு அப்படியே ஒட்டிக்கும். அப்புறம் அது வெறும் கண்ணாடித் துண்டுதான். அஞ்சு நாள் ஆனாலும் கெடாது. அசிட்டோன் தீப்பிடிக்கும், ஹெலிகாப்டர்ல ஏத்த மாட்டாங்க. அதனால போறது கப்பல்ல. நாளைக்கு நிக்கோபார் கப்பல் இருக்கு."

டாக்டர் மங்கையர்க்கரசி நல்லவர்தான், ஆனால் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் கையெழுத்துப் போடாதவர்.

"போ. ஆனா ஒண்ணு. இந்தக் கூடத்துலேருந்து போற முதல் ரிசல்ட் இது. தப்பாச்சுன்னா இனி பத்து வருஷத்துக்கு நம்மள யாரும் நம்ப மாட்டாங்க. ஸ்லைடுல சளித் துளி வைக்கிற ஒவ்வொரு வட்டத்துலயும் இருபது நல்ல செல்லாவது எனக்குக் காட்டணும். பத்தொம்போது இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி மேடம்."

பஸ் ஓட்டப் போயிருந்த கணவன் சுரேந்திரன் புரோத்ராபூரிலிருந்து திரும்பி வந்தபோது அவள் பை கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் அங்கிருந்து கெளம்பி வர முடியாம கெடக்கிறாங்க, நீ அங்க போறியா?" என்றான். பிறகு அவனே போய் அசிட்டோன் பாட்டில் உடையாமல் வைக்க மரத்தூளும் ஒரு தகர டின்னும் வாங்கி வந்தான்.

கப்பல் மறுநாள் புறப்பட்டு, அதற்கு அடுத்த நாள் மதியம் கச்சாலை அடைந்தது. இறங்கியவள் அவள் ஒருத்திதான். கப்பல் துறையில் டாக்டர் சிவஞானம் காத்திருந்தார். சின்ன வயது, ஒரு வாரத்துத் தாடி.

"பதினொண்ணு இப்ப பதிமூணு ஆயிடுச்சு," என்றார். "ஆக்சிஜன் மெஷின் ரெண்டுதான். ஒரு மெஷினுக்கு ரெண்டு குழந்தையா போட்டிருக்கேன். பன்றிக் காய்ச்சலா, நிமோனியாவா ஒண்ணும் தெரியாம எல்லா மருந்தையும் கொடுத்துப் பாத்தாச்சு. இன்னொரு விஷயம். யாரும் மாதிரி எடுக்க விட மாட்டாங்க."

"ஏன்?"

"போன தடவ முதல்ல எடுத்தது அந்தக் குழந்தைக்குத்தான். எடுத்த ரெண்டாம் நாள் அது போயிடுச்சு."

சுகாதார நிலையத்தின் வராந்தாவில் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேலே தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளின் மூச்சு விசில் போலக் கேட்டது. விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. சுகுணாவைப் பார்த்ததும் ஒருத்தி, "முனியாண்டி மக இல்ல?" என்றாள். இன்னொருத்தி தலையைத் திருப்பிக்கொண்டாள். தாய்மார்கள் குழந்தையை இன்னும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்கள்.

ஓரத்தில் இருந்தவள் செல்லம். இறந்த குழந்தை அவளுடைய அக்காவின் பிள்ளை. மடியில் கிடந்த ஏழு மாதப் பெண் குழந்தை தர்சிகாதான் இருந்ததிலேயே மோசமாக இருந்தது.

"வேணாங்கக்கா," என்றாள் செல்லம், சுகுணா வாயைத் திறக்கும் முன்பே. "எங்கக்கா புள்ளைக்கி மூக்குல குச்சிய வுட்டாங்க. புள்ள போயிருச்சு. என் புள்ளைய வுட்ருங்க."

சுகுணா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் குழந்தை குச்சியால் சாகவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

"குச்சி எவ்வளவு உள்ள போச்சு? நீ பாத்தியா?"

"பாத்தேன். இம்புட்டு." செல்லம் சுண்டு விரல் நகத்தைக் காட்டினாள்.

"அதான் செல்லம். அந்தக் குச்சி புள்ளைய ஒண்ணும் பண்ணல. ஒண்ணுமே பண்ணலங்கிறதுதான் தப்பு. நோவு இருக்கிற எடத்துக்கே அது போகல. என்ன நோவுன்னே தெரியாம டாக்டரு எதுக்குன்னு வைத்தியம் பாப்பாரு?"

செல்லம் குழந்தையின் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சுகுணா எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வராந்தாவின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை எடுத்தாள். "டாக்டர், அந்த உறிஞ்சிற மெஷினக் கொண்டாங்க. என் மூக்குல மொதல்ல எடுங்க."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். இவங்க பாக்கட்டும். முழுசா உள்ள போகணும், பாதியில நிறுத்தாதீங்க."

டாக்டர் தயங்கிவிட்டுக் குழாயை அவள் மூக்கில் நுழைத்தார். அது உள்ளே போனது, மேலும் போனது. சுகுணாவின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. குழாயை வெளியே எடுத்ததும் அவளுக்கு ஒரு தும்மல் வந்தது பாருங்கள், டாக்டரின் மூக்குக் கண்ணாடி போய்ச் சுவரோரம் விழுந்தது. அதற்கு மேல் ஆறு தும்மல். வராந்தாவின் கோடியில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். அதற்குள் இன்னும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த வராந்தாவில் அப்படியொரு சத்தம் கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

"எரியுது. அழுக வருது. அவ்வளவுதான்," என்றாள் சுகுணா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உசுரோடதான் இருக்கேன்."

செல்லம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சளிய எடுத்துட்டா மூச்சு வுடுவாளா?"

பொய் சொல்ல சுகுணாவுக்கு மனம் வரவில்லை. "கொஞ்ச நேரத்துக்கு வுடுவா. மறுபடி சளி கட்டும். மறுபடி எடுக்கலாம்."

"கொஞ்ச நேரம் போதுங்க," என்று குழந்தையை நீட்டினாள் செல்லம்.

தர்சிகாவின் மூக்கிலிருந்து கெட்டியான சளி குழாய் வழியே இறங்கிச் சின்னப் புட்டியில் சேர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அழுது முடித்துவிட்டு, காலையிலிருந்து மார்பில் வாய் வைக்காத பிள்ளை, அம்மாவின் மார்பைத் தேடியது. பத்து வாய் குடித்திருக்கும். செல்லம் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவள் தன் மகனைத் தூக்கிக்கொண்டு நாற்காலிக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

ஒன்பது தாய்மார்கள் சம்மதித்தார்கள். நான்கு பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களை சுகுணா வற்புறுத்தவில்லை.

மருந்து அறை மேசையில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு புட்டியையும் உப்புக் கரைசலில் கழுவி, கையால் சுற்றும் பழைய மெஷினில் வைத்துச் சுற்றினாள். சளி பிரிந்து செல்கள் அடியில் பால் துளி போலத் தங்கின. குழந்தைக்கு ஒரு ஸ்லைடு. ஸ்லைடுக்கு எட்டு வட்டம். ஏழு வைரஸுக்கு ஏழு, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. எழுபத்திரண்டு வட்டங்களில் துளி வைத்து முடித்தபோது புதுச் சங்கடம் முளைத்தது. எதுவும் காயவில்லை. அந்த மழைக் காற்றில் கொடியில் போட்ட துணியே நாலு நாள் ஈரமாகக் கிடக்கும்.

காயாத ஸ்லைடை அசிட்டோனில் முக்கினால் செல்கள் கழன்று போய்விடும். சுகுணா அறையைச் சுற்றிப் பார்த்தாள். குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. மேசை விளக்கின் குண்டு பல்பை அதற்குள் எரியவிட்டு, ஸ்லைடுகளைத் தள்ளி வரிசையாக அடுக்கி, மேலே மூடினாள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சுண்ணாம்புப் பொட்டு போலக் காய்ந்திருந்தன. விளக்கை அணைத்து வெளியே வைத்து, ஜன்னலை எல்லாம் திறந்த பிறகே அசிட்டோன் டின்னைத் திறந்தாள். பத்து நிமிடம் முக்கி எடுத்தாள். ஒன்பது ஸ்லைடுகளும் மூடியுள்ள ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கின.

மறுநாள் காலை மழை விட்டிருந்த இடைவெளியில் ஹெலிகாப்டர் வந்தது. அந்த ஒரே தனி அறை தர்சிகாவுக்கு என்று டாக்டர் சிவஞானம் சண்டை போட்டு வாங்கியிருந்தார். ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது சுகுணா. ஹெலிகாப்டர் ஊழியர் பையைச் சோதித்தார். "தீதி, இதுல என்ன? ஐஸ் பாக்ஸ் கஹாங் ஹை?" ஐஸ் பெட்டி எங்கே என்று பாதித் தமிழும் பாதி இந்தியுமாகக் கேட்டார்.

"ஐஸ் நஹி சாஹியே, பையா. ஸிர்ஃப் காஞ்ச் ஹை," என்று பெட்டியைத் திறந்து காட்டினாள். ஐஸ் வேண்டாம், வெறும் கண்ணாடிதான். அவர் தோளைக் குலுக்கி உள்ளே விட்டார்.

போகும் வழியெல்லாம் செல்லம் கீழே கடலைப் பார்க்கவில்லை. குழந்தையின் விலாவையே பார்த்தாள். சுகுணா ஒரு கையால் சிலிண்டரையும் மறு கையால் மடியிலிருந்த பெட்டியையும் பிடித்திருந்தாள். போர்ட் பிளேரில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. "நீங்க வரலியாக்கா?" என்றாள் செல்லம்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. என் வேல வேற எடத்துல இருக்கு."

ஆட்டோ பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து, முகம் கூடக் கழுவாமல் கையுறை மாட்டினாள். ஒவ்வொரு வட்டத்திலும் அதற்குரிய சாயத்தை ஒரு துளி. உடம்புச் சூட்டில் அரை மணி நேரம். கழுவல். மறுபடி கழுவல். டாக்டர் மங்கையர்க்கரசி பின்னால் நின்று பார்த்தார்.

முதலில் சாயப்பெட்டியோடு வந்த சோதனை ஸ்லைடு. அதில் ஏழு வைரஸும் அதனதன் வட்டத்தில் ஒளிர்ந்தன. சாயம் நன்றாக வேலை செய்கிறது. பிறகு தர்சிகாவின் ஸ்லைடு.

முதல் வட்டம், இன்ஃப்ளுயன்ஸா ஏ. பன்றிக் காய்ச்சலாக இருந்தால் இதில்தான் ஒளிரும். சிவப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. பச்சை ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரை அப்படியே. சுகுணா ஏழாவது வட்டத்தை நகர்த்தினாள்.

பச்சை. மழைக்குப் பின் வெயில் பட்ட வாழைக் குருத்தின் பச்சை. செல்லுக்குள் புள்ளி புள்ளியாக, சில செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய திட்டாக, பார்வை வட்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒளிர்ந்தது. அவள் பச்சைச் செல்களை எண்ணினாள். நூறைத் தாண்டியதும் நிறுத்தினாள். அடுத்த ஸ்லைடை வைத்தாள்.

ஒன்பது ஸ்லைடும் முடிந்த பிறகே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஆர்.எஸ்.வி. மேடம். ஒம்போதுல ஏழு. இன்ஃப்ளுயன்ஸா ஒண்ணுலயும் இல்ல."

"மீதி ரெண்டு?"

"செல்லு நெறைய இருக்கு, பச்சை இல்ல. அது நெகட்டிவ் மேடம். நெசமான நெகட்டிவ்."

டாக்டர் உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வட்டத்தையும் பார்த்தார். சுகுணா சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தாநாள் கப்பலில் சாப்பிட்டதுக்குப் பிறகு வயிற்றுக்கு ஒழுங்காக ஒன்றும் போகவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் தலை நிமிர்ந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நுண்ணோக்கி வெளிச்சத்தினாலும் இருக்கலாம்.

"இருபது கேட்டேன். இருநூறு கொண்டாந்திருக்கே," என்றார். "பேனாவக் கொடு."

மூன்றே முக்கால் மணிக்கு சுகுணாவே கச்சாலுக்கு ஃபோன் செய்தாள். ஆர்.எஸ்.வி. என்றதும் மறுமுனையில் டாக்டர் சிவஞானம் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொன்னார். அந்த வைரஸ் பெரியவர்களுக்கு வந்தால் வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைக்கு வந்தால் மூச்சுக் குழாயின் மெல்லிய கிளைகள் வீங்கி அடைக்கும். அதற்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. சளியை உறிஞ்ச வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பால் உள்ளே போக வேண்டும், ஜலதோஷம் உள்ளவர்கள் கை கழுவாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. இவ்வளவையும் ஒரு வாரம் தாங்கினால் குழந்தை தேறிவிடும்.

"அப்ப எனக்கு என்ன செய்யணும்னு தெரியும்," என்றார் சிவஞானம். "மூணு வாரத்துல இன்னிக்குத்தான் தெரியும்."

கையெழுத்தான காகிதம் மாலைக்குள் அதிகாரிகளின் மேசைக்குப் போயிற்று. மறுநாளே கப்பல் தடை நீங்கியது. மோசமாக இருந்த மூன்று குழந்தைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஆர்.எஸ்.வி. குழந்தைகளுக்கென்றே வார்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கினார்கள். அடுத்த கப்பலில் ஆறு ஆக்சிஜன் மெஷின்கள் போயின. மாட்டேன் என்ற நான்கு தாய்மார்களும் டாக்டரிடம் வந்து, எங்கள் பிள்ளைக்கும் சளி எடுங்கள் என்றார்கள். அதன் பிறகு கச்சாலில் ஒரு குழந்தையும் சாகவில்லை.

ஐந்தாம் நாள் சுகுணா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தர்சிகாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதை வாயில் வைத்துக் கடிக்க முயன்றுகொண்டிருந்தாள். செல்லம் எழுந்து வந்து சுகுணாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சாப்டீங்களாக்கா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"டிபன்ல இட்லி இருக்கு. ஒக்காருங்க."

சுகுணா உட்கார்ந்து நாலு இட்லியையும் சாப்பிட்டாள். அப்படியொரு பசி அவளுக்கு எடுத்திருந்தது. குழந்தை கம்பியை விட்டுவிட்டு அவள் சாப்பிடுவதையே வேடிக்கை பார்த்தது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது வரவேற்பு மேசையில் மூன்று பெட்டிகள் காத்திருந்தன. ஒன்று கார் நிக்கோபாரிலிருந்து, ஒன்று ஹட் பேயிலிருந்து, ஒன்று டிக்லிபூரிலிருந்து. மூன்றிலும் ஸ்லைடுகள், அந்தந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவள் ஃபோனில் சொல்லிக்கொடுத்தபடி அட்டைப்பெட்டியில் பல்பு வைத்துக் காயவைத்து அனுப்பியிருந்தார்கள். டாக்டர் மங்கையர்க்கரசி புதிதாக அச்சடித்த படிவக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பரிசோதனை செய்த இடம் என்ற வரியில் போர்ட் பிளேர் என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"எதுல ஆரம்பிக்கப் போறே?" என்றார்.

"டிக்லிபூர் மேடம். அங்க ரெண்டு கைக்குழந்த," என்று சொல்லி, சுகுணா கையுறையை மாட்டிக்கொண்டு பெட்டியோடு இருட்டறைக்குள் போனாள்.